தேயிலை சேரங்கோட்டில்... கோப்பை விருத்தாசலத்தில்! - பீங்கான் தொழில் படிக்க ஒரு மலை இறக்கம்

கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர் தாண்டிப் போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஊட்டியின் சுற்றுலாக் கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இருபுறமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், திடீரென்று வந்து மூடும் மழை. கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். கேரளத்தின் வயநாடு கூப்பிடு தூரம்தான். அப்படி ஒரு மூலையில் இருக்கிறது சேரங்கோடு.

கொளப்பள்ளி, அய்யன்கொல்லி, சேரம்பாடி என்று சிறு சிறு ஊர்களை இணைத்துக்கொண்டிருக்கும் ஊராட்சி இது. காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். யானை நிற்கிறது என்று தகவல் வந்தால் எல்லோரும் ஒன்றாக நின்றுவிட்டு, அது போன பிறகு நடக்கிறார்கள்.

இந்த ஊரைப் பற்றி எழுத நினைத்தால் தேயிலையைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால், நாம் இங்கு வந்தது தேயிலைக்காக அல்ல. அந்தத் தேநீரை ஊற்றிக் குடிக்கிற கோப்பைக்காக! பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்த ஒரு பிள்ளை பீங்கான் செய்யும் தொழிலைக் கற்க நினைத்தால், இந்த மலையிலிருந்து எங்கே போக வேண்டும், அங்கே என்ன கற்றுக்கொள்ளும், அதை வைத்துப் பிழைக்க முடியுமா... இந்தக் கேள்விகளோடுதான் கிளம்பினோம்.

லைன் வீடும் ஒரு கேள்வியும்

சேரங்கோட்டில் அந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு கனம் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக அதில் முடிவானது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் அரசே தேயிலை பயிரிட்டது. 1968-ல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி, 1976-ல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகமானது. ஊர் மக்கள் வாயில் அது 'டேன்டீ'. சேரங்கோடு அதன் கோட்டங்களில் ஒன்று.

டேன்டீயின் பரப்பு இப்போது சுருங்கி வருகிறது. 2022-ல் சுமார் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடமே திருப்பித் தருவது என அரசு முடிவெடுத்தது. தோட்ட வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு. ஓய்வு பெற்றால் வீடு என்னாகும் என்பது இங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் பேசப்படுகிற விஷயம்.

தேநீர்க் கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "எனக்கு இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்கு தம்பி. அதுக்குள்ள மகன் ஒரு தொழில்ல நிக்கணும். திருப்பூருக்குப் போறேங்கிறான். போகட்டும். ஆனா, கைத்தொழில் ஒண்ணு இருந்தா எங்க போனாலும் மரியாதைதானே?"

பீங்கான் படிப்பு என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டோம். கடைக்காரர் முந்திக்கொண்டார். "பீங்கானுக்கெல்லாமா படிப்பு?"

இருக்கிறது!

மலையில் மண் பிசைந்த கைகள்

நீலகிரிக்கும் களிமண்ணுக்கும் உறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நீலகிரியின் பழங்குடிகளில் ஒருவரான கோத்தர்கள்தாம் இந்த மலையின் கைவினைஞர்கள். ஆண்கள் இரும்படிப்பார்கள், மரவேலை செய்வார்கள். பானை வனைவது பெண்களின் வேலை. கோத்தர்களுக்கு ஏழு ஊர்கள். அவற்றில் ஒன்று கூடலூருக்கு அருகே இருக்கும் கோக்கால். தோடர், படுகர், குறும்பர் வீடுகளுக்கும் ஒரு காலத்தில் பானை போனது இவர்கள் கையிலிருந்துதான். பித்தளையும் அலுமினியமும் மலையேறிய பிறகு அந்தத் தேவை குறைந்தது.

அதற்கும் பின்னால் போனால், மலை உச்சிகளில் இருக்கும் பழங்கால ஈமக்குழிகள். அவற்றில் கிடைத்த தாழிகளின் மூடிகள் மேல் எருமை, மயில், மனித உருவங்களெல்லாம் சுடுமண்ணில் நிற்கின்றன. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இவற்றைத் தோண்டித் தொகுத்தார். அவர் இறந்த மறுவருடம், 1873-ல், அந்த ஆய்வு நூலாக வந்தது. அந்த உருவங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் பார்க்கலாம்.

கோத்தர் வீட்டில் தொழிற்பயிற்சி என்றால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. பானை நின்றால் பாஸ்!

கூரை ஓட்டில் ஒரு பாடம்

சேரங்கோட்டில் பழைய கட்டடங்களைக் கண்டால் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். சிமென்ட் கூரைக்கு முந்தைய தலைமுறை, சிவப்பு மங்களூர் ஓடு! இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் இந்த ஓட்டுக்கு இந்தியாவில் வழிபோட்டது பேசல் மிஷன். அந்த மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். பிறகு கோழிக்கோடு, பாலக்காடு என்று மலபார் முழுக்கப் பரவியது. கோழிக்கோட்டுக்கு அருகேயுள்ள ஃபரோக்கில் 1905-ல் ஒரு தொழிற்சாலை வந்தது.

மண் குழைக்க, அச்சில் அழுத்த, சூளை அடுக்க, நெருப்பைக் கவனிக்க என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆளைப் பழக்கிய தொழிற்சாலைகள் அவை. அப்பா செய்த வேலை பிள்ளைக்கு என்ற வழக்கத்துக்கு வெளியே, யார் வந்தாலும் கற்றுக்கொள்ளலாம் என்ற கதவு அங்கே திறந்தது. கான்கிரீட் கூரை வந்ததும் பல ஓட்டுத் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கையில் தொழில் இருந்தாலும், செய்கிற பொருளுக்குச் சந்தை இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் வைத்தே இதைச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர். 1850-ல் சென்னையில் கலைப் பள்ளி தொடங்கிய இந்த மருத்துவர், அடுத்த வருடமே தொழிற்பள்ளி ஒன்றையும் சேர்த்தார். செங்கல், ஓடு, மண்பாண்டம் எல்லாம் அங்கே பாடம். அந்தப் பள்ளிதான் இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. செராமிக் பிரிவு அங்கே இன்றும் இருக்கிறது.

முதுகுன்றத்துக்கு இறங்குவோம்

கூடலூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால், பீங்கான் படிக்க மலையிறங்கத்தான் வேண்டும். கூடலூர், ஊட்டி வழியாகக் கோவை. அங்கிருந்து சேலம். சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக ரயில் பாதை நேராக விருத்தாசலம் போகிறது. தேயிலையில் தொடங்கிய பயணம் முந்திரிக் காட்டில் முடிகிறது. குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் கோவையிலேயே பைக்குள் போய்விடும்.

விருத்தாசலம் என்றால் 'பழைய மலை' என்று பொருள். திருமுதுகுன்றம் என்பது தமிழ்ப் பெயர். நீலகிரிக்காரர் வந்து, "மலை எங்கே?" என்று தேடினால் ஏமாந்துபோவார். மணிமுத்தாற்றங்கரையில் சமதரையில் விரிந்து கிடக்கும் ஊர். நடுவில் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கோபுரங்கள்.

பீங்கான் ஏன் இங்கே வந்தது? பதில் பக்கத்திலேயே இருக்கிறது, நெய்வேலி! பழுப்பு நிலக்கரியை எடுக்க மேலே இருக்கும் மண்ணை அள்ள வேண்டும். அந்த மேல்மண்ணில் நல்ல களிமண்ணும் கிடைக்கிறது. பாறைகளில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மழையிலும் வெயிலிலும் காலம் காலமாகச் சிதைந்து களிமண்ணாகிறது. இருந்த இடத்திலேயே தங்கினால் அது வெள்ளையாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து வேறு இடத்தில் படிய வைத்தால் மாவு போல நைசாகும், பிசைந்தால் கையோடு வரும். பீங்கானுக்கு இரண்டும் தேவை.

மண் இருக்கும் இடத்தில் தொழில் வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. சிறு சிறு பட்டறைகளில் அகல் விளக்கு, பொம்மை, மின்சாதனங்களுக்கான பீங்கான் பாகங்கள் எல்லாம் உருவாகின்றன. கார்த்திகை தீபத்துக்கு நீங்கள் வாங்கும் பளபளப்பான பீங்கான் அகல், இங்கிருந்து வந்ததாக இருக்கலாம். தொழில் வந்த இடத்துக்குப் படிப்பும் வந்தது. அரசின் தொழில் வணிகத் துறையின் கீழ் இயங்கும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. கற்றுத் தருவது, செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ.

ஒரு கோப்பை பிறக்கிறது

பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சக்கரமல்ல, வெள்ளை வெளேரென்று அடுக்கி வைத்திருக்கும் அச்சுகள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தவை. பீங்கான் தொழிலின் ரகசியத்தில் பாதி இந்த அச்சுக்குள் இருக்கிறது.

சைனா கிளே, பால் கிளே, குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் - இந்த நான்கையும் கணக்காக எடுத்து, உருளும் பால் மில்லில் தண்ணீரோடு அரைக்கிறார்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கிடைக்கும் கூழுக்கு 'ஸ்லிப்' என்று பெயர். தண்ணீர் அதிகம் ஊற்றினால் காயும்போது வெடிக்கும். குறைவாக ஊற்றினால் ஓடாது. அதனால் சோடியம் சிலிகேட் துளி சேர்ப்பார்கள். தண்ணீர் கூடாமலே கூழ் இளகிவிடும். துளி அதிகமானாலோ, வேலை கெட்டது!

ஸ்லிப்பை அச்சில் ஊற்றினால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் உட்சுவரில் மண் ஏடு போலப் படியும். சரியான கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். எப்போது கவிழ்ப்பது? இங்கேதான் தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம். காலையில் காய்ந்த அச்சு வேகமாக உறிஞ்சும். மத்தியானம் நனைந்த அச்சு மெதுவாக உறிஞ்சும். அச்சுக்கும் ஆயுள் உண்டு. சுமார் நூறு வார்ப்புக்குப் பிறகு அது தேய்ந்துபோகும்.

அடுத்தது ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்தில், "இது எதுக்கு உதவப்போகுது?" என்று கேட்டவர்கள் கவனிக்கவும். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். மொத்தம் 12 சதவிகிதம் சுருங்கும் மண் என்று வைத்துக்கொள்வோம். 9 சென்டிமீட்டர் உயரக் கோப்பை வேண்டும். அச்சு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? 9-ஓடு 12 சதவிகிதம் கூட்டினால் 10.08. ஆனால், அது தப்பு. 10.08-ல் 12 சதவிகிதம் குறைந்தால் 8.87 தான் மிஞ்சும். 9-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும். 10.23 சென்டிமீட்டர்! வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆனால், மூடி போடும் ஜாடியில் அந்த ஒரு மில்லிமீட்டர் போனால், மொத்த லாட்டும் போச்சு.

பாதி காய்ந்த நிலையில் கைப்பிடியை ஒட்ட வேண்டும். கோப்பையும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடத்தில் பிளக்கும்.

சூளைக்கு அவசரம் ஆகாது

பிறகு நெருப்பு. முதல் சூட்டை 'பிஸ்கட்' என்கிறார்கள். வழக்கமாக 900 - 1,000 டிகிரி செல்சியஸ். அதன்பின் கண்ணாடிப் பூச்சான கிளேஸில் முக்கி எடுத்து மறுபடியும் சூளைக்கு அனுப்புவார்கள். கெட்டியான ஸ்டோன்வேர் வகைக்கு 1,200 டிகிரிக்கு மேல் போக வேண்டும். கிளேஸில் கோபால்ட் இருந்தால் நீலம். இரும்பு இருந்தால் பழுப்பு. தாமிரம் பச்சை தரும். ஆனால், சூளைக்குள் ஆக்சிஜன் குறைந்தால் அதே தாமிரம் சிவப்பாக மாறும்!

573 - செராமிக் படிக்கிறவர்கள் மறக்கக்கூடாத எண் இது. குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். அந்த வெப்பநிலையை வேகமாகக் கடந்தால் 'டங்' என்று உள்ளே விரிசல் விழும். வெளியே எடுக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சூடான டீ ஊற்றும் நாளில்தான் தெரியவரும். அதனால்தான் சூளை அணைந்த பிறகும் கதவைத் திறக்கக் காத்திருக்கிறார்கள்.

சூளைக்குள் வெப்பத்தைக் காட்ட மின்கருவிகள் இருக்கின்றன. கூடவே சின்னச் சின்னக் கூம்புகளையும் வைக்கிறார்கள். ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் 1886-ல் உருவாக்கிய முறை. குறிப்பிட்ட கலவையில் செய்த கூம்பு, குறிப்பிட்ட சூட்டில் தலை சாயும். எவ்வளவு சூடு என்பதோடு, அந்தச் சூடு மண்ணில் எவ்வளவு இறங்கியது என்பதையும் அது சொல்லிவிடும்.

இதில் எதையும் ஒரே நாளில் கற்க முடியாது. அச்சு செய்பவர், வார்ப்பவர், கிளேஸ் பூசுபவர், சூளை பார்ப்பவர் என ஒவ்வொன்றும் தனித் தொழில். டிப்ளமோ படிப்பவர் எல்லாவற்றிலும் கை வைத்துப் பார்ப்பதோடு, ஏன் வெடித்தது, ஏன் கிளேஸ் சுருண்டது என்று காரணமும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தூசியையும் பேசுவோம்

நல்லதை மட்டும் சொல்லி அனுப்பினால் அது நியாயமாகாது. பீங்கான் பட்டறையின் பெரிய எதிரி தூசி. குவார்ட்ஸ் என்பது சிலிகா. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் வரும். வந்தால் குணப்படுத்த முடியாது. சட்டப்படி இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்.

தடுக்க முடியுமா? முடியும். உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த பாண்டத்தைத் தேய்க்கும்போது சரியான முகக்கவசம் போட வேண்டும், காற்று உறிஞ்சி வேண்டும். வேலை முடிந்து அதே உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக்கூடாது. பயிற்சிக்குச் சேரும் இடத்தில் தரை எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்த தரை, அந்த இடத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

இன்னொன்று, சீசன். அகலும் பொம்மையும் பண்டிகையை நம்பியவை. அதை மட்டும் செய்யும் பட்டறையில் வருடம் முழுக்க ஒரே மாதிரி வேலை இருக்காது.

படித்தால் எங்கே வேலை?

செராமிக் என்றால் கப் அண்ட் சாஸர் மட்டுமல்ல. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் செராமிக். பாத்ரூமில் வாஷ்பேசின் செராமிக். இரும்பு உருக்கும் உலைக்குள் பதிக்கும் தீச்செங்கல், பைக்கின் ஸ்பார்க் பிளக் எல்லாம் இதே குடும்பம்.

இராணிப்பேட்டையில் சானிட்டரிவேர் தொழில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஓசூரில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கான செராமிக் பாகங்கள் தயாராகின்றன. சேலம் மேக்னசைட்டுக்குப் பேர் போன ஊர், தீச்செங்கலுக்கு அது முக்கியமான மூலப்பொருள். வெளிமாநிலம் போகத் தயார் என்றால் குஜராத்தின் மோர்பி, இந்தியாவின் டைல்ஸ் தலைநகரம். உத்தரப்பிரதேசத்தின் குர்ஜா பீங்கான் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது.

மேலே படிக்க ஆசையா? அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் வளாகத்தில் செராமிக் டெக்னாலஜி பி.டெக் இருக்கிறது. கலைப்பக்கம் ஈர்ப்பு என்றால் எழும்பூர் கவின்கலைக் கல்லூரி. சொந்தமாகப் பட்டறை வைக்க நினைப்பவர்கள் புதுச்சேரியைப் பார்க்கலாம். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே தொடங்கிய 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யில் பழகியவர்கள் தனித்தனியே பட்டறை வைத்ததால், ஸ்டோன்வேர் என்றாலே புதுச்சேரி என்று பேர் வந்துவிட்டது.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

டிப்ளமோவின் முதல் வருடத்தில் சேரப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாம் வருடச் சேர்க்கை இருக்கிறது. கட்டணம், இடங்கள், தேதி எல்லாம் வருடா வருடம் மாறும். கல்லூரியின் அந்த வருட அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேரங்கோடு மாதிரி தூரத்திலிருந்து போகிறவர்கள் இன்னும் சிலவற்றை விசாரிக்க வேண்டும். விடுதி வசதி எப்படி? உதவித்தொகைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும்? சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இல்லாமல் சலுகை கிடைக்காது. தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் பழைய ஆவணங்கள் விட்டுப்போயிருக்கலாம். அதற்குத் தாலுகா ஆபீஸ் அலைச்சலை ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. தொழிற்சாலைப் பயிற்சிக்கு எந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள்? போன வருடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை ஆசிரியரிடம் மட்டுமல்ல, படித்து முடித்த அண்ணன், அக்காக்களிடமும் கேளுங்கள்.

கைச்செலவையும் ஒளிக்காமல் பேசுங்கள். விருத்தாசலத்திலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேரங்கோடு வந்து போவதற்கே ஒரு தொகை வேண்டும். கொழுந்துக் கூலியில் அது சின்னத் தொகை அல்ல.

விருத்தாசலத்தில் கேட்டதையெல்லாம் தேநீர்க் கடை அக்காவுக்குப் போனில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், இரண்டே இரண்டு விஷயங்களைத் திருப்பிக் கேட்டார். "அந்தத் தூசி விசயத்தை மறுபடி சொல்லு தம்பி. அப்புறம், ஹாஸ்டல்ல சோறு எப்படியாம்?"

முதல் கேள்விக்கு விவரமாகப் பதில் சொன்னோம். இரண்டாவதுக்கு, "மகனோட ஒருதடவை நேர்லயே வந்து பார்த்துடுங்கக்கா" என்றோம். பள்ளி விடுமுறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.